ஞாபகக்காரனும் கணக்குக்காரியும்

குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள். தமிழுக்கு 100, பொது அறிவுக்கு 75, திறனறிவுக்கும் மனக்கணக்குக்கும் மீதி 25. கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண் வீதம் மொத்தம் 300. நேரம் மூன்று மணி. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத்தின் மாடியில் நான் வகுப்பு எடுப்பது அந்தக் கடைசி 25க்கு மட்டும். வார நாட்களில் வங்கிக் கிளையில் கடன் கோப்புகளோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு இது ஒரு மாற்று. சம்பளம் கிடையாது, பதினோரு மணிக்கு டீயும் வடையும் உண்டு.

வருகிறவர்கள் பட்டம் முடித்துவிட்டு வீட்டில் ஏச்சு வாங்குகிறவர்கள், ஜவுளிக்கடையில் பொய்க்காரணம் சொல்லி விடுப்பு எடுத்தவர்கள், கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு ஓடிவருகிற பெண்கள். சில ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் அணியில் முதல் வரிசையில் ஓர் இளைஞன் உட்கார்ந்திருப்பான். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை தமிழ்ப் பாடநூல்கள் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். ஒரு வரியைச் சொன்னால் எந்த வகுப்பு, எந்த இயல், யார் எழுதியது, பக்கத்தில் என்ன படம் என்பது வரை சொல்வான். கணக்கிலும் அப்படித்தான். “ஒரு வேலையை ஒருவர் 12 நாளிலும் இன்னொருவர் 6 நாளிலும் முடிப்பார்...” என்று நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து “நான்கு” என்று குரல் வரும். பெருக்கினால் 72, கூட்டினால் 18, வகுத்தால் 4. சூத்திரம் நாக்கு நுனியில்.

நான் இரண்டாவது வரியைச் சேர்த்தேன். “இருவரும் சேர்ந்து தொடங்கினார்கள். இரண்டு நாள் கழித்து இரண்டாமவர் போய்விட்டார். வேலை மொத்தம் எத்தனை நாளில் முடியும்?”

அவன் பேனாவை மூடினான், திறந்தான். குறிப்பேட்டைப் புரட்டினான். “இதற்குச் சூத்திரம் நீங்கள் கொடுக்கவில்லையே சார்” என்றான். குற்றச்சாட்டாகவே சொன்னான்.

கடைசி வரிசையில் ஒரு பெண். பேசவே மாட்டாள். தமிழ்ப் பகுதி மாதிரித் தேர்வுகளில் எப்போதும் பின்தங்கியே இருப்பாள்; நூலும் ஆசிரியரும் அவளுக்கு ஒட்டவே ஒட்டாது. அன்று எழுந்து, “மொத்தம் பன்னிரண்டு கூடை மண் என்று வைத்துக்கொள்ளுங்கள் சார். முதல் ஆள் நாளுக்கு ஒரு கூடை அள்ளுவார், இரண்டாவது ஆள் இரண்டு கூடை. இரண்டு நாளில் ஆறு கூடை போய்விட்டது. மீதி ஆறையும் முதல் ஆள் ஒருவரே அள்ள வேண்டும், ஆறு நாள். ஆக எட்டு” என்றாள். அவளுடைய அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். பின்னம் என்ற பேச்சே எடுக்காமல், மீப்பெரு, மீச்சிறு எதுவும் சொல்லாமல், பாடநூல் ஒரு பக்கத்தில் செய்கிறதை அவள் ஒரு மூச்சில் செய்துவிட்டாள். நான் அதுவரை அந்தக் கணக்கை மண் அள்ளியதில்லை. இப்போதெல்லாம் அப்படித்தான் சொல்லித்தருகிறேன்.

அந்தத் தேர்வில் யார் தேறியிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. 175 கேள்விகளை ஞாபகத்தால் எடுத்துவிடலாம் என்னும்போது 25ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவன் இளநிலை உதவியாளர் ஆனான். அவள் அடுத்த முறையும் எழுதிவிட்டு, திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் சேர்ந்துவிட்டாள்.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு பிரசங்கம் வரும். நம் கல்விமுறை மனப்பாடத்தை மட்டுமே மெச்சுகிறது, சிந்திக்கிறவர்களை நசுக்குகிறது என்று. எனக்கு அந்தப் பிரசங்கத்தில் பாதிதான் உடன்பாடு. காரணம், அந்த இளைஞன் இன்று மிக நல்ல உதவியாளர். எந்த அரசாணை எந்த ஆண்டு வந்தது, எதை எது ரத்து செய்தது என்று அலுவலகத்தில் எல்லோரும் அவனைத்தான் கேட்கிறார்கள். அலைந்து களைத்து வருகிற ஒரு விதவைக்கு “அம்மா, உங்கள் மனு போன மார்ச்சில் வந்தது, சான்றிதழ் ஒன்று குறைகிறது” என்று கோப்பைத் தேடாமலே சொல்ல ஆள் இருப்பது சின்ன விஷயமா? அந்த வேலைக்கு ஞாபகசக்தி பார்த்து ஆள் எடுத்தது சரிதான். மனப்பாடத்தைக் கேவலமாகப் பேசுகிறவர்களில் பாதிப்பேர், வக்கீலும் டாக்டரும் மட்டும் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள்.

என் புகார் வேறு. ஞாபகத்தை ஞாபகமாகவே சோதித்தால் பிரச்சினை இல்லை. கணக்கு என்று பெயர் சூட்டி ஞாபகத்தைச் சோதிக்கிறோமே, அங்கேதான் கோளாறு.

நான் பிளஸ் டூ படித்த காலத்துக் கணக்குத் தாளை அறிந்தவர்கள் இதைச் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள். 200 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினா 40, ஆறு மதிப்பெண் வினா பத்து, பத்து மதிப்பெண் வினா பத்து. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை வரும் என்பது புளூ பிரிண்டில் இருக்கும். கணக்குகள் பாடநூலின் பயிற்சியிலிருந்து, எண்கூட மாறாமல் அப்படியே வரும். வெக்டர் முறையில் cos(A+B) விரிவை நிறுவுவது பத்து மதிப்பெண் வினா. முக்கோணத்தின் குத்துக்கோடுகள் ஒரு புள்ளியில் சந்திக்கும் என்பது இன்னொன்று. இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவோம். படத்தில் புள்ளிகளுக்கு P, Q என்றுதான் பெயர் வைக்க வேண்டும், வேறு எழுத்தைப் போட்டால் திருத்துகிறவர் குழம்பிவிடுவார் என்று ஆசிரியர் எச்சரித்திருந்தார்.

என் வகுப்பில் ஒருவன் எழுந்து, cos-க்கு ஏன் புள்ளிப் பெருக்கல், sin-க்கு ஏன் குறுக்குப் பெருக்கல் என்று கேட்டான். அற்புதமான கேள்வி. இரண்டு திசைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை ஒன்று அளக்கிறது, எவ்வளவு விலகுகின்றன என்பதை மற்றது அளக்கிறது என்று அரை நிமிடத்தில் பதில் சொல்லியிருக்கலாம். “அது தேர்வுக்கு வராது, உட்கார்” என்று பதில் வந்தது. அந்த ஆண்டு எங்கள் பள்ளியில் கணக்கில் சென்டம் வாங்கியவர்கள் பலர். அவன் அந்தப் பட்டியலில் இல்லை. சென்டம் வாங்கிய நண்பர்களில் சிலர் பொறியியல் கல்லூரியில் முதல் பருவத்துக் கணக்கிலேயே அரியர் வைத்தபோது, வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை. 200க்கு 200 வாங்கிய பிள்ளைக்கு எப்படிக் கணக்கு வராமல் போகும்? பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் 200இல் கணக்குக்கு மட்டும் 100. அந்த நூறு எதை அளந்தது என்பதை யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை.

ஆனால் அந்த முறையைச் சபிக்கவும் எனக்கு மனம் வருவதில்லை. வீட்டில் யாருமே பள்ளி வாசலை மிதிக்காத குடும்பத்திலிருந்து வருகிற பிள்ளைக்கு, மின்சாரம் போய்வருகிற வீட்டில், டியூஷன் வைக்க வசதியில்லாத நிலையில், “இந்த நூறு கணக்கை உருப்போடு, தேறிவிடுவாய்” என்பது ஒரு வாக்குறுதி. உழைத்தால் பலன் நிச்சயம். ‘சிந்தனையைத் தூண்டும்’ வினாக்கள் வரும்போது முதலில் பலனடைவது, அந்த வினாக்களை முன்கூட்டியே பழக்கித் தருகிற பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டியவன்தான். 2017-18இல் புளூ பிரிண்ட் போனது. 2019-20இல் பன்னிரண்டாம் வகுப்புக்குப் புதிய பாடநூல் வந்தது. புத்தகம் உண்மையிலேயே நல்ல புத்தகம். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு டியூஷன் சென்டர் முளைத்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் ராமானுஜனிடம் வந்து நிற்கும். இரண்டு கட்சிகளும் அவரைத் தங்கள் சாட்சியாகக் கூண்டில் ஏற்றும். கல்விமுறையைத் திட்டுகிறவர்கள், அவர் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்ததையும், சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எப்.ஏ. என்ற கல்லூரி இடைநிலைத் தேர்வில் தோற்றதையும் சொல்வார்கள். உண்மைதான். ஆங்கிலமும் உடலியலும் அவரைக் கவிழ்த்தன. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு ஜனவரியில் கேம்பிரிட்ஜுக்கு, கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். மறுபக்கம், அவருடைய மூளை ஓர் அதிசய இயந்திரம், எண்ணைக் கேட்டதும் விடை கொட்டும் என்று நம்புகிறவர்கள் 1729 கதையோடு வருவார்கள்: ஹார்டி வந்த டாக்சியின் எண்ணைக் கேட்டதும், இரண்டு முப்படிகளின் கூட்டாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச்சிறிய எண் அது என்று சொன்ன கதை.

ஹார்டி இதைப்பற்றித் தெளிவாகவே எழுதியிருக்கிறார். ராமானுஜனின் ஞாபகசக்தியும் கணக்கிடும் வேகமும் அபூர்வமானவை. ஆனால் இயற்கையை மீறியவை அல்ல. இரண்டு பெரிய எண்களைப் பெருக்க வேண்டுமென்றால் எல்லோரையும் போலத்தான் பெருக்குவார். இதற்கு ஹார்டி தரும் சான்று எனக்கு மிகவும் பிடித்தது. 4 என்ற எண்ணைக் கூட்டல்களாகப் பிரிக்க ஐந்து வழிகள்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. இதேபோல் 200ஐ எத்தனை வழிகளில் பிரிக்கலாம்? 39,72,99,90,29,388 வழிகளில், கிட்டத்தட்ட நான்கு லட்சம் கோடி. 200 வரையிலான இந்த அட்டவணையைப் பெரும்பாலும் ராமானுஜனும், பீரங்கிப் படையில் மேஜராக இருந்த மக்மஹோனும் தனித்தனியே கணக்கிட்டார்கள். கொஞ்சம் வேகமாகவும் கொஞ்சம் பிழையில்லாமலும் செய்தவர் மக்மஹோன்.

அப்படியானால் ராமானுஜன் செய்தது என்ன? ஹார்டியோடு சேர்ந்து 1918இல் வெளியிட்ட கட்டுரையில், அந்த எண்ணிக்கையைக் கூட்டிக் கூட்டிப் போகாமல் நேரடியாகப் பிடிக்க ஒரு சூத்திரம் தந்தார். அதன் முதல் எட்டு உறுப்புகளைக் கூட்டினாலே 200க்கான விடை வந்துவிடுகிறது; வித்தியாசம் 0.004. மேஜர் தாள்தாளாக நிரப்பியதை எட்டு உறுப்புகள் சொல்லிவிட்டன. அந்த மேஜரின் அட்டவணை இல்லாவிட்டால் சூத்திரம் இவ்வளவு துல்லியம் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது என்பதையும் மறக்க வேண்டாம். வேகமாகக் கணக்கிடுகிறவரும் வேண்டியிருந்தது.

ஞாபகசக்தி மட்டும் உச்சத்தில் இருந்தால் ஒருவர் எப்படி இருப்பார்? அதற்கும் பதிவு இருக்கிறது. மாஸ்கோவில் ஷெரெஷெவ்ஸ்கி என்ற பத்திரிகை நிருபர். காலைக் கூட்டத்தில் ஆசிரியர் சொல்வது எதையும் குறித்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருக்கிறாரே என்று ஆசிரியருக்குக் கோபம். கேட்டால், சொன்னதையெல்லாம் வார்த்தை பிசகாமல் ஒப்பிக்கிறார். உளவியலாளர் லூரியாவிடம் அனுப்பிவைத்தார்கள். லூரியா அவரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கவனித்து எழுதினார். எத்தனை நீளமான பட்டியல் கொடுத்தாலும் ஒப்பிப்பார். பல ஆண்டுகள் கழித்துக் கேட்டாலும் ஒப்பிப்பார். ஒரு நாள் அவரிடம் ஓர் எண் அட்டவணை கொடுக்கப்பட்டது. முதல் வரிசை 1 2 3 4. அடுத்தது 2 3 4 5. அதற்கடுத்தது 3 4 5 6. இப்படியே போகிறது. அவர் வழக்கம்போல் ஒவ்வொரு எண்ணையும் ஒரு படமாகக் கற்பனை செய்து, சிரமப்பட்டு மனத்தில் பதித்து, தவறில்லாமல் ஒப்பித்தார். அதில் ஓர் ஒழுங்கு இருப்பதையே கவனிக்கவில்லை.

என் முதல் வரிசை இளைஞனை இதோடு ஒப்பிடுவது அநியாயம். ஆனாலும் “சூத்திரம் கொடுக்கவில்லையே சார்” என்ற குரல் இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் கேட்கிறது. ஷெரெஷெவ்ஸ்கி பல வேலைகள் மாறி, கடைசியில் மேடையில் ஞாபக வித்தை காட்டுகிறவரானார். மறக்க முடியாமல் அவதிப்பட்டார் என்பதும் லூரியா சொல்வதுதான்.

இதற்கு நேர் எதிரான ஞாபகமும் உண்டு. சேஸ், சைமன் என்ற இரு ஆய்வாளர்கள் 1973இல் வெளியிட்ட சதுரங்க ஆய்வு அதைக் காட்டியது. நடந்துகொண்டிருக்கும் ஓர் ஆட்டத்தின் நிலையை ஐந்து விநாடி காட்டிவிட்டு மறைத்தால், கைதேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைச் சரியாகத் திருப்பி வைக்கிறார். புதியவர் நாலைந்தோடு நிற்கிறார். அதே காய்களைத் தாறுமாறாக இறைத்துவிட்டுக் காட்டினால், இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவர் நினைவில் வைத்திருந்தது காய்களை அல்ல, காய்களுக்கு இடையிலான உறவை. 2024 டிசம்பரில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனதற்குப் பிறகு, ஞாபகசக்தி வளரும் என்று பிள்ளைகளைச் சதுரங்க வகுப்பில் சேர்க்கிற பெற்றோர்களுக்கு இதைச் சொல்ல ஆசை. சதுரங்கம் வளர்ப்பது சதுரங்க ஞாபகத்தை. மளிகைப் பட்டியலை அது காப்பாற்றாது.

ஆக, ஞாபகமும் கணக்கும் எதிரெதிர்த் தட்டுகளில் இருப்பவை என்பதே எனக்கு ஒப்பவில்லை. கச்சேரிகளுக்கு மிருதங்கம் வாசிக்கும் நண்பர் ஒருவர் உண்டு. அவர்கள் தொழிலில் ஆண்டுக்கணக்கில் சொற்கட்டுகளை வாயால் சொல்லிச் சொல்லி உருவேற்றுவார்கள். ஆனால் மேடையில் கைகொடுப்பது கணக்கு. அவர்களே அதைக் கணக்கு என்றுதான் சொல்வார்கள். அவர் எனக்கு ஒரு நாள் பேருந்து நிலையத்தில், தொடையில் தட்டியபடி விளக்கினார். ஆதி தாளம் ஓர் ஆவர்த்தனம், அதாவது ஒரு சுற்று, எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நான்கு வீதம் 32 மாத்திரை. ‘ததிகிணதொம்’ ஐந்து மாத்திரை. இரண்டு முறை சொன்னால் பத்து. அந்தப் பத்தை மூன்று முறை வாசித்து, நடுவில் இரண்டு இடத்தில் ஒவ்வொரு மாத்திரை கார்வை (இடைவெளி) விட்டால் 32. சமத்தில், அதாவது சுற்றின் முதல் தட்டில், தொடங்கி அடுத்த சமத்தில் கச்சிதமாக வந்து இறங்கலாம். இந்தக் கோர்வையை எந்த மாணவனும் பாடமாக வைத்திருப்பான்.

“பாட்டு சமத்தில் எடுக்காமல் ஒன்றரை இடம் தள்ளி எடுத்தால்?” என்று நானே கேட்டேன்.

“அங்கேதான் பையன் திணறுவான்” என்று சிரித்தார். “ஒன்றரை அட்சரம் என்றால் ஆறு மாத்திரை கூடுதல். 32க்குப் பதில் 38. புதுக் கோர்வை தேடக் கூடாது. அதே பத்து, அதே மூன்று முறை. கார்வையை ஒன்றிலிருந்து நான்காக்கு. முப்பதும் எட்டும் முப்பத்தெட்டு.”

கையில் பத்து மாத்திரைச் சொல் பதிந்திராவிட்டால் இந்தக் கணக்கு காகிதத்தில் கிடக்க வேண்டியதுதான். யோசித்து வாசிக்க அங்கே நேரம் ஏது? கணக்கு இல்லாவிட்டால் பதிந்தது அத்தனையும் எடுப்பு மாறிய நொடியில் வீண். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி என்ற வாய்ப்பாட்டு நூலை உருப்போட வைத்ததும் இப்படித்தான் என்று நினைக்கிறேன். காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்று இருபதில் ஒன்று. இத்தனை சின்னப் பின்னங்களின் பெருக்கலை மனத்தில் வைத்திருந்தவன் நெல் அளக்கிற இடத்தில் நின்று, எழுதுகோல் எடுக்காமல் பங்கு பிரித்தான். அந்த மனப்பாடத்துக்குக் களத்துமேட்டில் வேலை இருந்தது. ஒப்பித்தலையும் அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. ரோடிகர், கார்பிக்கே என்ற இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். எங்கள் ஊர் வாத்தியார்களுக்கு இதில் வியப்பு ஏதும் இருக்காது.

வேலை உலகம் தேர்வு அறை போல இரண்டையும் பிரித்துக் கேட்பதில்லை. என் மேசைக்கே வருகிறேன். ஒரு வியாபாரி நடப்பு மூலதனக் கடன் கேட்டு வருகிறார். இரண்டு ஆண்டு இருப்புநிலைக் குறிப்பு இணைத்திருக்கிறார். எல்லாக் கூட்டலும் சரி. ஆடிட்டர் முத்திரையும் உண்டு. விற்பனை பத்து சதவீதம்கூட ஏறவில்லை, சரக்கு இருப்பு மட்டும் இரட்டிப்பாகியிருக்கிறது. விற்காத சரக்கை ஏன் வாங்கிக் குவித்தார்? ஒன்று, சரக்கு தேங்கிக் கெட்டுக்கொண்டிருக்கிறது. அல்லது அந்தச் சரக்கே இல்லை. இதைக் கண்டுபிடிக்க நுண்கணிதம் தேவையில்லை. ஓர் எண் இன்னோர் எண்ணோடு சேர்ந்து நடக்க வேண்டும் என்ற உணர்வு இருந்தால் போதும். எங்கள் கிளையில் ஓர் இளம் அதிகாரிக்கு அந்த உணர்வு அபாரம்.

அதே கிளையில் ஓய்வுபெறும் வயதில் ஒருவர். விகிதம் பேசினால் கொட்டாவி விடுவார். ஒரு வீட்டுக்கடன் கோப்பில் சொத்தின் சர்வே எண்ணைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இந்த எண்ணை நான் வேறொரு பெயரில் பார்த்திருக்கிறேன்.” எடுத்துப் பார்த்தால், சில ஆண்டுகளுக்கு முன் இன்னொருவர் அடமானம் வைத்த இடத்தின் ஒரு பகுதி அது, மூலப்பத்திரம் ஏற்கெனவே எங்கள் பெட்டகத்தில் இருந்தது. கணினியில் தேடினால் கிடைத்திருக்கும்தான். தேட வேண்டும் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்? கிளைக்கு அவரும் வேண்டும், அந்த இளம் அதிகாரியும் வேண்டும். பதவி உயர்வுத் தேர்வில் மட்டும் இருவருக்கும் ஒரே வினாத்தாள்.

மருத்துவச் சேர்க்கை இன்னும் வேடிக்கை. நீட் தேர்வில் 180 கேள்வி, 720 மதிப்பெண். அதில் உயிரியல் 90 கேள்வி. பெரும்பகுதி பாடநூலை வரிவரியாகப் படித்தவருக்கு வசப்படும். இயற்பியல் 45 கேள்வி. நம் பிள்ளைகள் பலர் சறுக்குவது அங்கே. சாய்தளத்தில் உருளும் கோளத்தின் வேகத்தைக் கண்டுபிடித்து உள்ளே போகிற மாணவி, முதலாண்டு முழுக்க உடற்கூறியல் அறையில் எலும்புக்கும் நரம்புக்கும் பெயர் உருப்போட்டுக்கொண்டிருப்பார். அந்தக் கோளம் அவர் வாழ்க்கையில் மறுபடி உருளப்போவதில்லை. மருத்துவத்துக்குக் கணக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. குழந்தையின் எடைக்கு ஏற்ற மருந்தளவில் ஒரு புள்ளி இடம் மாறினால் என்ன ஆகும் என்று எந்தச் செவிலியரும் சொல்வார். அந்தக் கணக்கு வேறு வகை. அதை யாரும் நுழைவுத்தேர்வில் கேட்பதில்லை.

கணக்குத் திறமைக்குத் தனி மதிப்பே இல்லை என்று நான் வாதாடுவதாக நினைத்துவிடக் கூடாது. 1971இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி தொடங்கிய நெடுங்கால ஆய்வு ஒன்று இருக்கிறது. கணக்கில் கெட்டிக்காரர்களான 13 வயதுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பல பத்தாண்டுகள் தொடர்ந்தார்கள். அந்தச் சிறு வயதில் மேலும் உயர்ந்த மதிப்பெண் எடுத்தவர்கள், பிற்காலத்தில் அறிவியலில் முனைவர் பட்டம், காப்புரிமை என்று கூடுதலாகச் சாதித்தார்கள். அதில் என்னைக் கவர்ந்தது சோதனையின் தந்திரம். கல்லூரிக்குப் போகிற பதினேழு, பதினெட்டு வயதினருக்கான வினாத்தாளைப் பதிமூன்று வயதுப் பிள்ளைக்குக் கொடுத்தார்கள். அந்தப் பாடமே இன்னும் நடத்தியிருக்க மாட்டார்கள். உருப்போட்டது எதுவும் உதவாது. அங்கேயே, அப்போதே யோசித்தாக வேண்டும். கணக்கை அளக்க வேண்டுமென்றால் முதலில் ஞாபகத்தை ஓரமாக உட்கார வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கணக்குத் தேர்வில் சூத்திரத் தாள் ஒன்றை எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் போதும். பிரிட்டனில் ஏ-லெவல் கணக்குத் தேர்வுக்குச் சூத்திரக் கையேடு கொடுக்கிறார்கள். நாமும் தேர்வறையில் மடக்கை அட்டவணைப் புத்தகம் கொடுத்தவர்கள்தானே? அதைப் பார்த்து எழுதியதைக் காப்பி என்று யாரும் சொன்னதில்லை. வரலாற்றையும் இலக்கியத்தையும் ஞாபகமாகவே, கூசாமல் கேட்கலாம். ஓரளவு தேர்ச்சி பெற்றால் போதும் என்கிற பிள்ளைக்குப் பாடநூல் கணக்குகள் பாதித் தாளில் இருக்கட்டும். அந்த வாக்குறுதியைப் பறிக்க வேண்டாம். மீதிப் பாதியில் இரண்டாவது ஆள் இரண்டு நாளில் கிளம்பிப் போகட்டும்.

என் வகுப்பில் இதைச் செய்து பார்த்தேன். மாதிரித் தேர்வில் ஒரு பக்கச் சூத்திரத் தாளை மேசையில் வைத்துக்கொள்ளலாம் என்றதும் ஞாபகக்காரர்களின் முகம் சுருங்கியது. “எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் படித்தவனுக்கு என்ன சார் மரியாதை?” என்று ஒருவர் கேட்டேவிட்டார். தாள் இருந்தும் மதிப்பெண்கள் பெரிதாக ஏறவில்லை. தனிவட்டிக் கணக்குக்குக் கூட்டுவட்டிச் சூத்திரத்தைத் தேர்ந்தெடுத்து, அதைப் பிழையில்லாமல் செய்திருந்தார்கள் சிலர். அதற்குப் பிறகு நான் தாள் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். அவரவர் தாளை அவரவரே ஒரு பக்கத்துக்குள் தயாரித்துக்கொண்டு வர வேண்டும் என்பது இப்போதைய ஏற்பாடு. சிலர் எறும்பு ஊர்வதுபோல் மூலைமுடுக்கெல்லாம் நிரப்பிக்கொண்டு வருகிறார்கள். போன மாதம் ஓர் அம்மா கொண்டுவந்த தாளில் நாலே வரிகள், மீதியெல்லாம் வெற்றிடம். கேட்டால், “மற்றதெல்லாம் இதிலிருந்தே வந்துவிடுகிறது சார்” என்கிறார். விடைத்தாளைவிட இந்தத் தாளைத்தான் நான் முதலில் வாங்கிப் பார்க்கிறேன். யாருக்கு அடுத்த வாரம் எதைச் சொல்லித்தர வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது.